ஏழாம் நம்பர் வீட்டில் மட்டும் வெளிச்சம்

நான்கு வருஷமாக டைப்பிஸ்ட் நோரா தன் பிளாஸ்க்கை ஆபீசுக்குக் கொண்டுவருகிறாள். சாந்தோமிலிருந்து தி. நகர் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். அதிலிருந்து ஒரு வாய் டீ துப்பறியும் வைரவனுக்குக் கிடைத்ததில்லை. அவனும் கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவள் அதைத் திறந்து, மூடியில் ஊற்றி, எதிரே உட்கார்ந்திருந்த லைன்மேனிடம் நீட்டினாள்.

"சூடா கீது நோரா."

"ஊதிக் குடி. மரக்கொத்தி மாதிரி கம்பத்துலயே தொத்திக்கிட்டு இருந்தா சூடு எங்க தெரியும்."

அவன் ஊதிக் குடித்தான். வைரவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே பாண்டி பஜாரில் ஜவுளிக்கடைக்காரர்கள் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, நனைந்த சேலைகளை உலர்த்தியிருந்தார்கள். போன சனிக்கிழமை புயல் கரை கடந்தது. ஆறு நாளாகியும் பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை. ஆபீஸ் ஃபேனில் ஒரு காக்கை உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தது.

லைன்மேன் பெயர் பவுல்சாமி. வயது முப்பத்தைந்து. கோபாலபுரம் பக்கம் வேலை. மனைவி இறந்து மூன்று வருஷம். இதெல்லாம் நோரா சொன்னது. கடைசித் தகவல் வழக்குக்கு எதற்கு என்று வைரவனுக்குப் புரியவில்லை.

"எப்படிப் பழக்கம் உங்களுக்கு?" என்று நோராவைக் கேட்டான். அவளை அவன் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவான். 'நீ' என்று சொல்ல ஒரு நாளும் நாக்கு வரவில்லை.

"ஒரே கோயில் சார். எங்கம்மா எனக்குன்னு பார்த்த மாப்பிள்ளை. நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

"மழை பெய்ஞ்சா வீட்ல இருக்கற ஆளா பாருங்கன்னேன்."

பவுல்சாமி சிரித்தான். பல் வரிசை நன்றாக இருந்தது. வைரவன் அதையும் கவனித்தான். கவனிப்பது தொழில்.

"விஷயத்துக்கு வாங்க."

பவுல்சாமி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தான். கோடு போட்ட அரைத்தாள். நீல மசி. வைரவன் படித்தான்.

'ஐயா, தெருவே ஐந்து நாளாக இருட்டில் கிடக்கிறது. ஏழாம் நம்பர் வீட்டில் மட்டும் செவ்வாய்க்கிழமை மாலையே விளக்கு எரிந்த மர்மம் என்ன? வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரத்தில் லைன்மேன் பவுல்சாமிக்கு அங்கே என்ன வேலை? வெள்ளி டம்ளரில் காபி குடிக்கும் அளவுக்கு அவன் அந்த வீட்டுக்கு யார்? உடனே விசாரித்து அவனை இந்த ஏரியாவை விட்டே தூக்க வேண்டும். இப்படிக்கு, இருட்டில் வாடும் பொதுமக்கள்.'

"நேத்து காலைல செக்‌ஷன் ஆபீஸ் புகார்ப் பெட்டில கெடந்துச்சு சார். கஃபார் சாரு, எங்க ஆபீசரு, நல்ல மனுசன். 'நாளைக்கு நாலு மணி வரைக்கும் டைம் தரேன், எவன் எழுதினான், எப்படி எரிஞ்சுதுன்னு கண்டுபுடிச்சிட்டு வா, இல்லாங்காட்டி மேல அனுப்பிடுவேன்'னாரு."

மேலே போனால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். எமர்ஜென்சி காலம். மேஜையில் விழுந்த காகிதத்தைக் கிழித்துப் போட எந்த அதிகாரிக்கும் துணிச்சல் இல்லை. போன மாதம்தான் பக்கத்து செக்‌ஷனில் ஒருவனுக்கு இதே மாதிரி ஒரு தாளில் வேலை போயிருந்தது.

"எப்படி எரிஞ்சுது?" என்றான் வைரவன்.

"அந்தத் தெருவுல மூணு கம்பி போவுது சார். மூணும் அறுந்துச்சு. செவ்வாக்கெழமை ஒண்ணுக்குத்தான் உசுரு குடுத்தேன். தெருக்கோடில பிரசவ ஆஸ்பத்திரி கீது, அதுக்கோசரம். அந்தக் கம்பில வீடுங்க கெடையாது. சேக்கவும் கூடாதுன்னு ஆர்டரு."

"ஏழாம் நம்பர்?"

"அவங்க கெணத்துல மோட்டார் கீது. மோட்டாருக்கு மூணு கம்பியும் வேணும். அதனால மூணும் வீட்டுக்குள்ள போவுது. வெளக்கு மட்டும் வேற கம்பில ஓடிக்கினு இருந்துச்சு. உள்ள மெயின் பலகைல பீஸ் கட்டையப் புடுங்கி, ஆஸ்பத்திரிக் கம்பிப் பக்கம் சொருவினா எரியும். எவனோ சொருவிட்டான்."

"நீங்க சொருகலை?"

"மாதா மேல சத்தியமா இல்ல சார். வராண்டாவுல நின்னுக்கினு ஒரு காபி குடிச்சேன். காலைலேர்ந்து பட்டினி, அந்தம்மா பாவம்னு குடுத்தாங்க. அதுவும் வெள்ளியும் இல்ல தங்கமும் இல்ல, எவர்சில்வர் டம்ளரு."

"வீட்ல வேற யார் இருந்தா?"

"அந்தம்மா மட்டுந்தான். வீட்டுக்காரரு டூருல போயிருந்தாரு."

"அப்ப கட்டை தானா நடந்து போச்சா?"

பவுல்சாமி தலையைக் குனிந்துகொண்டான். "கஃபார் சாரும் அதையேதான் கேக்கறாரு."

வைரவன் நம்பவில்லை. நம்ப விருப்பமில்லை என்பது அதைவிடச் சரி. அந்த அம்மாளுக்கும் இவனுக்கும் நடுவில் ஒரு காபி மட்டும்தான் என்று யார் நம்புவார்கள்?

நோரா தாளை எடுத்து முகர்ந்தாள். விரலால் சுண்டினாள். டொக் என்றது.

"சார், என் கார்பன் பேப்பர் நமுத்த அப்பளம் மாதிரி கிடக்கு. டைப் அடிச்சா எழுத்து மறுபக்கம் போய் விழுது. என் தலைமுடி ஆறு நாளா காயலை. இந்தத் தாள் மட்டும் எப்படி சார் மொடமொடன்னு இருக்கு? மசி ஊறவே இல்லை, பாருங்க. ஓரத்துல பழுப்பு. இஸ்திரிப் பெட்டி வச்சுத் தேச்சுட்டு எழுதியிருக்காங்க."

அதை அவன் பார்க்கவில்லை. பவுல்சாமி முன்னால் அவள் பார்த்தது அவனுக்கு உறுத்தியது.

"கரிப் பெட்டியா இருக்கலாம்."

"ஊர்ல எந்தக் கரி சார் எரியுது? இஸ்திரிக்காரன் வண்டி இந்நேரம் அடையாத்துல மிதந்து கடலுக்குப் போயிருக்கும். இது கரண்ட் பெட்டி."

"ஆழ்வார்பேட்டையில முந்தாநாளே கரண்ட் வந்தாச்சு. அங்க யாராவது சொந்தக்காரங்க வீட்ல தேச்சிருக்கலாம்," என்றான் வைரவன். சொன்ன பிறகு, அது அவ்வளவு மோசமான வாதமில்லை என்றும் தோன்றியது.

பவுல்சாமி எழுந்து காலி மூடியை நோராவிடம் கொடுத்தான். "மாதா மாதிரி வந்து காப்பாத்துன நோரா."

"இன்னும் காப்பாத்தலை. போய் கம்பத்துல ஏறு."

*

பஸ் மேம்பாலத்தோடு நின்றுவிட்டது. கதீட்ரல் ரோட்டில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் படுத்துக்கிடந்தது. ஆட்கள் ரம்பம் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் கிளைகளுக்கு நடுவே புகுந்து நடந்தார்கள்.

"உங்களுக்கு இந்தக் கேஸ் பிடிக்கலை," என்றாள் நோரா.

"அப்படி ஒண்ணுமில்லை."

"காலையிலேருந்து கன்னத்துல ரெண்டு வெத்தலை அடக்கின மாதிரி இருக்கீங்க."

"அவர் உங்களை அடிக்கடி பார்க்க வருவாரா?"

"யாரு?"

"கட்சிக்காரர்."

"ஞாயித்துக்கிழமை பூசையில பார்ப்பேன். கேஸுக்கு வேணுமா சார், பைல்ல எழுதட்டுமா?"

அவன் வேகமாக நடந்தான்.

கோபாலபுரத்தில் அந்தத் தெரு இருபது வீடுகள் கொண்டது. வீட்டுக்கு வீடு மதில்மேல் மெத்தை, தலையணை, ஈரமான பாடப் புத்தகம் காய்ந்தன. எல்லா வீட்டு வாசலிலும் மண்ணெண்ணெய் டின் வரிசைக்குப் போகத் தயாராக இருந்தது. ஏழாம் நம்பர் வாசலில் மட்டும் இல்லை. அங்கேயிருந்து ரேடியோ கேட்டது. வாத்திய இசை. தெருவில் போகிறவர்கள் அந்த வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்கு அழைக்காத வீட்டைப் பார்க்கிற பார்வை.

எதிர்வீட்டு அம்மாள் தன் கேட்டிலேயே நின்றிருந்தாள். பெயர் புஷ்பம். கணவருக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை. ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

"பேப்பர்காரங்களா? எழுதுங்க," என்று அவளாகவே தொடங்கினாள். "எதுத்தாப்ல வெளக்கு எரியுது. இங்க வயிறு எரியுது. நாலு படி இட்லி மாவு, புளிச்சுப் பொங்கித் தெருவுக்கே வந்துட்டு. அவ வீட்ல ஐஸ்பெட்டிக்குள்ள மல்லியப்பூ வச்சு எடுத்து வைக்கா! பூ!"

"நீங்க புகார் எழுதினீங்களாம்மா?" என்றான் வைரவன்.

"நான் எதுக்கு எழுதணும்? எனக்கு வாய் இல்லையா? நேராவே கேட்டேன். அவ வீட்டுக்காரர் புதன்கிழமை மத்தியானம் பெட்டியோட வந்து இறங்குதாரு. 'அண்ணாச்சி, ஒங்க வீட்டுக்கு மட்டும் எப்படி வெளிச்சம் வந்துச்சு, லைன்மேனுக்கு என்ன போட்டுக் குடுத்தாவ ஒங்க வீட்டம்மா'ன்னு இங்கன நின்னே கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. உள்ள போனாரு. மறுநாள் காலையில பாத்தா சட்டை மொடமொடன்னு தேச்சுப் போட்டுட்டு எங்கயோ போறாரு. நாங்க எல்லாம் ஈரத் துணியோட திரியுதோம். பாத்தா எரியுமா எரியாதா?"

"எரியும்," என்றாள் நோரா. "லைன்மேன் செவ்வாய்க்கிழமை உள்ள போனாராம்மா?"

"போகல. நான் வச்ச கண்ணு வாங்காமப் பாத்துட்டிருந்தேன். வராண்டாவுல நின்னு எவர்சில்வர் டம்ளர்ல குடிச்சான். குடிச்சிட்டு சைக்கிள்ல போயிட்டான். போய்க் கால்மணி கழிச்சுத்தான் அவ வீட்ல வெளக்கு எரிஞ்சுது."

நோரா வைரவனைப் பார்த்தாள். "இதை அப்படியே வந்து ஆபீசர்கிட்ட சொல்வீங்களா?"

புஷ்பம் உதட்டைப் பிதுக்கினாள். "நான் எதுக்குச் சொல்லணும்? அவளுக்கு வெளிச்சம் குடுத்தவனுக்கு நான் சாட்சியா? கொல்லப்பக்கமா சுத்தித் திரும்ப வந்திருப்பான். நம்மள மாதிரி ஏமாளிகளுக்குத் தெரியுமா?"

கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"வாசல்ல ஒரு கண்ணு, கொல்லையில ஒரு கண்ணு வைக்க முடியலையேன்னு கவலை அந்தம்மாவுக்கு," என்றாள் நோரா. "வெள்ளி டம்ளர் எங்கேருந்து சார் வந்துச்சு? பார்த்த ஒரே ஆள் எவர்சில்வர்ங்கறாங்க. குடிச்ச ஆளும் அதையே சொல்றார்."

வைரவன் தெருவோரம் ஒதுங்கினான். வேப்பமரத்தடியில் நின்று கடிதத்தை மறுபடி படித்தான். இந்தத் தடவை அதில் இல்லாதது கண்ணில் பட்டது.

ஐந்து நாள் இருட்டில் கிடந்தவன் எழுதுகிறான். எங்களுக்கும் கரண்ட் கொடு என்று ஒரு வரி இல்லை. புளித்த மாவு இல்லை, கொசு இல்லை, தூங்காத குழந்தை இல்லை. 'அவன் யார்?' 'அவனைத் தூக்கு.' கடிதம் முழுக்க அவ்வளவுதான். வெளிச்சம் வேண்டும் என்று கேட்காதவன் வீட்டில் வெளிச்சம் இருக்கிறது.

அவன் யார்?

அந்தக் கேள்வியை வைரவனுக்கு நன்றாகத் தெரியும். காலையில் பிளாஸ்க் மூடியைப் பார்த்ததிலிருந்து அவனுக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இதே வார்த்தைகள். இதே வரிசை. கடிதத்தை எழுதியது யார் என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

மணி இரண்டு. இன்னும் இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பவுல்சாமியை இந்த ஏரியாவை விட்டே தூக்கிவிடுவார்கள். திருவொற்றியூருக்கு, இல்லை ராமநாதபுரத்துக்கு. வேலையே போனாலும் போகும். வைரவன் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் முடிந்தது.

பாதித் தெரு பேசாமல் நடந்தான். நோரா கூடவே நடந்தாள். அவளும் பேசவில்லை. அது அபூர்வம்.

தெருக்கோடியில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தாய் வெள்ளைத்துணியில் சுற்றிய குழந்தையோடு ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டிருந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. அந்தக் கம்பிக்கு உயிர் கொடுக்க ஒருவன் காலையிலிருந்து சாப்பிடாமல் கம்பத்தில் தொங்கியிருக்கிறான். சொல்லாமல் விட்டால் தானும் ஒரு மொட்டைக் கடிதம் எழுதின கணக்குத்தான் என்று வைரவனுக்குப் பட்டது.

"திரும்புங்க," என்றான். "ஏழாம் நம்பருக்கே போவோம். எழுதினது வீட்டுக்காரர்."

நோரா நின்றாள். "தன் வீட்டு மேலேயே புகாரா?"

"விளக்கு மேல இல்லை. லைன்மேன் மேல."

*

வீட்டுக்காரர் சிதம்பரநாதன் மருந்துக் கம்பெனியில் விற்பனை அதிகாரி. மாதத்தில் இருபது நாள் வெளியூர். நாற்பத்திரண்டு வயது இருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை. ஊரே கசங்கியிருந்த வாரத்தில் அந்தச் சட்டை ஒரு ஒப்புதல் வாக்குமூலம் போல இருந்தது.

மின்வாரிய விஷயமாக விசாரிக்க வந்திருக்கிறோம் என்றான் வைரவன். அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "உட்காருங்க, உட்காருங்க. புகார் ஏதாவது வந்திருக்கா?" என்று ரேடியோவை அணைத்தார்.

கூடத்தில் ஃபேன் சுற்றியது. நோரா அதன் கீழே போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். "கடவுள் இருக்கார் சார்."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜெயபாரதி காபி கொண்டுவந்தாள். ஒல்லியான பெண். மூன்று எவர்சில்வர் டம்ளர்கள். வைரவன் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தான்.

"நீங்க வெள்ளி டம்ளர்லதானே சார் குடிப்பீங்க?"

சிதம்பரநாதன் கை பாதியில் நின்றது.

"அதை ஏன் கேக்கறீங்க," என்றாள் ஜெயபாரதி. "பதினோரு வருஷமா அதுலதான் குடிச்சார். புதன்கிழமையிலேருந்து தொட மாட்டேங்கறார். ஏன்னு கேட்டா சொல்லவும் மாட்டேங்கறார். என்கூடப் பேச்சும் இல்லை."

வைரவன் கடிதத்தை மடிப்புப் பிரித்து முக்காலியில் வைத்தான். ஜெயபாரதி குனிந்து பார்த்தாள். படிக்கவில்லை. முதல் வரியிலேயே கையெழுத்தைத் தெரிந்துகொண்டாள்.

"இது நீங்க எழுதினதா?"

"ஜெயா, நீ உள்ள போ."

அவள் போகவில்லை. நின்றபடியே முழுவதையும் படித்தாள். வெள்ளி டம்ளர் வந்த இடத்தில் அவள் கண் நின்றது.

"வராண்டாவுல என்ன நடந்ததுன்னு பார்த்த யாரும் வெள்ளி டம்ளர்னு சொல்லலை சார்," என்றான் வைரவன். "பார்க்காத ஒருத்தர்தான் சொல்லியிருக்கார். பிறகு வந்து, சமையலறையில எதையோ பார்த்த ஒருத்தர்."

சிதம்பரநாதன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். சத்தம் போடவில்லை.

"எங்கப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது. என் வாயைத் தவிர அதுல வேற வாய் பட்டதில்லை. நான் ஊர்ல இல்லைன்னா துடைச்சு அலமாரியில வச்சிடுவா. அன்னிக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வரேன், எதிர்வீட்டம்மா தெருவுல நிக்க வச்சுக் கேக்குது. உள்ள வந்தா, மேடை மேல கவுத்து வச்சிருக்கு. என் டம்ளர். அடியில காபிக் கறை. நான் டூர்ல. நான் என்ன சார் நினைக்கறது?"

"கேட்டிருக்கலாமே," என்றாள் நோரா.

"எதைம்மா கேக்கறது? எந்த வாயால கேக்கறது?"

வைரவனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அது அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வழக்கு பாதிதான் முடிந்திருந்தது. எழுதினவர் கிடைத்துவிட்டார். கட்டையைச் செருகினவன் கிடைக்கவில்லை. அது தெரியாமல் பவுல்சாமிக்கு வேலை இல்லை. புஷ்பம் சொன்ன கால்மணி நேரத்தில் கொல்லைப்பக்கமாக யார் வந்தது?

"அம்மா," என்று ஜெயபாரதியிடம் திரும்பினான். "அன்னிக்கு உங்களுக்கு விளக்கு போட்டுக் கொடுத்தது யார்?"

அவள் அவனைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

நோரா ஃபேனுக்கு அடியிலிருந்து நகர்ந்து, கூடத்து மூலையில் இருந்த மின்பலகையிடம் போனாள். பலகைக்குக் கீழே ஒரு சமையலறை ஸ்டூல். ஸ்டூலின்மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வைரவனும் வந்தவுடன் அதைப் பார்த்திருந்தான். எவனோ விட்டுப்போனது என்று அளவுகூடப் பார்க்காமல் விட்டிருந்தான்.

"வீட்டுக்குள்ள செருப்பு," என்றாள் நோரா. "அதுவும் சின்ன அளவு. அக்கா, கட்டையை மாத்தினது நீங்கதானே?"

"ஆமா," என்றாள் ஜெயபாரதி.

"நீயா?" என்றார் சிதம்பரநாதன்.

"நான்தான். தெருக்கோடியில ஆஸ்பத்திரிக்கு விளக்கு வந்தது தெரிஞ்சுது. மோட்டாருக்கு மூணு கம்பி வருதே, அதுல ஒண்ணுக்கு உயிர் வந்திருக்கணுமேன்னு பார்த்தேன். செருப்பு போட்டுக்கிட்டு, ஸ்டூல் மேல ஏறி, மெயினை அணைச்சு மாத்தினேன். மூணாவது தடவை எரிஞ்சுது." சற்று நிறுத்தினாள். "ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. காபி போட்டேன். அலமாரியைத் திறந்து உங்க டம்ளரை எடுத்து, இங்க வெளிச்சத்துல உட்கார்ந்து குடிச்சேன். கழுவும்போது கொசு கடிச்சுது, சரியாக் கழுவலை."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"வந்ததும் நீங்க 'யார் வந்தா'ன்னுதான் கேட்டீங்க. லைன்மேன் வந்தார்னு சொன்னேன். எல்லாரும் 'யார் போட்டுக் கொடுத்தா'ன்னுதான் கேட்டாங்க. இப்ப சார்கூட அப்படித்தான் கேட்டார். நீ போட்டியான்னு இந்தப் பொண்ணு ஒருத்திதான் கேட்டுது."

வைரவன் தன் காபியைக் குடித்தான். ஆறியிருந்தது.

*

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அதிகாரி அப்துல் கஃபார் பவுல்சாமியோடு அந்த வீட்டுக்கே வந்தார். நோராதான் ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். குடையை வராண்டாவில் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். நம்பவில்லை.

"அம்மா, லைன்மேனைக் காப்பாத்தணும்னு சொல்றீங்களோ?"

ஜெயபாரதி செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். மெயினை அணைத்தாள். ஃபேன் தயங்கித் தயங்கி நின்றது. கட்டையைப் பிடுங்கினாள், பழைய இடத்தில் செருகினாள், மெயினைப் போட்டாள். ஒன்றும் அசையவில்லை. மறுபடி அணைத்து, பிடுங்கி, ஆஸ்பத்திரிக் கம்பிப் பக்கம் செருகினாள். ஃபேன் சுற்றியது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"யம்மா! நானே டார்ச்சு வச்சுக்கினு தேடுவேன்," என்றான் பவுல்சாமி.

கஃபார் தாடியைத் தடவினார். "ஷாக் அடிச்சிருந்தா யாரம்மா பொறுப்பு? இது ஆஸ்பத்திரிக் கம்பி. வீடு சேரக் கூடாது. எடுத்துடுங்க."

"எடுக்கணுமா?"

"எடுக்கணும்மா. இன்னும் மூணு நாள். புதுக் கம்பம் வந்ததும் முதல்ல உங்க தெருதான்."

அவள் ஒரு முறை ஃபேனைப் பார்த்தாள். பிடுங்கினாள். வீடு அமைதியானது. எதிர்வீட்டு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. புஷ்பம் தெருவுக்கு வந்து, ஏழாம் நம்பர் ஜன்னலைப் பார்த்து, நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

சிதம்பரநாதன் ஜன்னலோரம் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து எழுதினார். புகார் தவறு, லைன்மேன்மேல் குற்றமில்லை, மனப்பூர்வமாகத் திரும்பப் பெறுகிறேன். இந்தத் தடவை ஈரத் தாள். மசி ஊறிப் பரவியது. கஃபார் அதை வாங்கி, மொட்டைக் கடிதத்தோடு சேர்த்து மடித்துப் பையில் வைத்தார்.

"போய் வேலையைப் பாருப்பா," என்றார் பவுல்சாமியிடம். அவன் நெற்றி, மார்பு, தோள்கள் என்று சிலுவை வரைந்துகொண்டான். வைரவனைக் கும்பிட்டான். கண் கலங்கியிருந்தது. வைரவன் பதிலுக்குத் தலையசைத்தான். அதற்குக் கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது.

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். வைரவன் கடைசியில் வந்தான். பின்னால் சிதம்பரநாதனின் தணிந்த குரல் கேட்டது.

"ஜெயா, இதை உனக்கு யார் கத்துக் கொடுத்தது?"

பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே பவுல்சாமி சைக்கிளில் ஒரு காலை வைத்தபடி, "ஞாயித்துக்கெழமை பாக்கலாம் நோரா," என்று சொல்லிவிட்டுப் போனான். நோரா கை காட்டினாள். தெரு திரும்பும்வரை வைரவன் அந்தக் கையைப் பார்த்தான்.

ஆழ்வார்பேட்டைப் பக்கம் நடந்தார்கள். அங்கே கடைகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் கேட்காத கடிதம்னு கண்டுபிடிச்சது நல்லா இருந்துச்சு சார்," என்றாள் நோரா. "எனக்குத் தோணலை."

"தொழில்."

"அது சரி. கண்டுபிடிச்ச பிறகு பாதித் தெரு ஏன் பேசாம நடந்தீங்க?"

வைரவன் ஒரு பொய்யைத் தேடினான். பதினைந்து வருஷமாகப் பிறருடைய பொய்களைப் பிரித்தவனுக்கு, சொந்தமாக ஒன்று அமையவில்லை.

"அந்தக் கடிதத்தை நானே எழுதியிருப்பேன்," என்றான். "இன்னிக்குக் காலையில."

நோரா உடனே நடையை நிறுத்தவில்லை. எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கி நின்றாள். வண்டி போன பிறகும் நின்றாள். அவள் முகத்தில் கிண்டல் வரும் என்று அவன் காத்திருந்தான்.

"எழுதுங்க சார்," என்றாள். "ஆனா ஆபீசருக்கு எழுதாதீங்க, எனக்கு எழுதுங்க. அடியில பேர் போட்டு எழுதுங்க."